எடிட்டர் தலையில் விழும் கிளவுட் பில்: எந்த ஸ்டோரேஜ் வாங்குவது?

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குள் போய் வந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அங்கே எல்லாமே தனித்தனி சின்ன அறைகள். ஒரு அறையில் இவ்வளவு மருந்துதான், இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். முடிந்த சரக்கு வேலை நடக்கும் இடத்தில் தங்கக் கூடாது, தனியாக இருக்கும் மேகசினுக்குப் போய்விட வேண்டும். 2008 வெடிபொருள் விதிகளின் அடிப்படையே இதுதான். அந்த வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதை தாயில்பட்டி, வெம்பக்கோட்டை பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உயிரையும் ஃபைலையும் ஒப்பிட முடியாது. ஆனால், எதை எங்கே, எவ்வளவு நேரம் வைப்பது என்ற அந்த ஒழுங்கு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வீடியோ டீம்களிடம் பெரும்பாலும் இல்லை. ரா ஃபுட்டேஜ், ப்ராஜெக்ட் ஃபைல், ஃபைனல் அவுட்புட் எல்லாம் ஒரே டிரைவில் குவிகின்றன. இடம் தீர்ந்ததும் அடுத்த பிளான். அந்தப் பணம் பல நேரம் எடிட்டரின் சொந்தக் கார்டிலிருந்து போகிறது.

"எந்த கம்பெனி கிளவுட் சீப்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. என் கருத்தில் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, எதை எங்கே வைக்கப் போகிறோம்? இரண்டாவது, எத்தனை நாளைக்கு, யார் செலவில்?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

"அளவில்லா ஸ்டோரேஜ்" காலம் முடிந்துவிட்டது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ல் இலவச அன்லிமிடெட் வசதியை நிறுத்தியது. டிராப்பாக்ஸ் 2023 ஆகஸ்டில் தன் டீம் பிளானில் "தேவைப்படும் அளவுக்கு இடம்" என்ற சலுகையை எடுத்துவிட்டு, மூன்று பேர் கொண்ட டீமுக்கு 15 டிபி என்று வரம்பு போட்டது. சிலர் கிரிப்டோ மைனிங்குக்கும், இடத்தை மறுவிற்பனை செய்யவும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது அந்நிறுவனம் சொன்ன காரணம். அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31-டன் மூடப்பட்டது.

விலையும் ஏறியது. பேக்பிளேஸ் பி2 சேவையில் 1 டிபிக்கு மாதம் 5 டாலராக இருந்தது, 2023 அக்டோபரில் 6 டாலர் ஆனது. ஒரு டாலர்தானே என்று தோன்றும். ரூபாயில் போட்டுப் பாருங்கள். 2021-ல் டாலர் சுமார் 74 ரூபாய், அப்போது 1 டிபிக்கு 370 ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அந்தக் கணக்கில் 6 டாலர் என்பது 540 ரூபாய். டாலரில் 20 சதவீத உயர்வு, நம் ஊரில் 46 சதவீத உயர்வாக வந்து சேர்கிறது. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

சரி, ஹார்டு டிஸ்க் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் அங்கும் நெருக்கடி. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையும் டிஸ்க்கையும் அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் 'க்ரூஷியல்' பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது.

"ஃப்ரீயா 2 டிபி கிடைக்குதே!"

கிடைக்கிறது. 2025 அக்டோபர் இறுதியில் ஜியோ, கூகுள் ஏஐ ப்ரோ சேவையை 18 மாதம் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அதோடு 2 டிபி இடமும் வருகிறது. சொந்த போட்டோக்களுக்கு நல்ல விஷயம்தான்.

ஆனால், கிளையன்ட் ஃபுட்டேஜை அதில் கொட்டினால் 19-வது மாதம் என்ன நடக்கும்? கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபிதான். அதற்கு மேல் நிரம்பியிருந்தால் புதிய ஃபைல் ஏறாது. அதே கணக்கின் ஜிமெயிலில் மெயில் அனுப்பவும் முடியாது, வரவும் வராது. ஒன்று காசு கட்ட வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்து காலி செய்ய வேண்டும். இலவச ஸ்டோரேஜ் என்பது தள்ளிப்போட்ட பில். அதை வேலைக்கு நம்பக் கூடாது.

டிபி விலை மட்டும் பார்த்தால் ஏன் தப்பு?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். தீபாவளி சீசனுக்காக ஒரு பட்டாசு பிராண்டின் டெமோ வீடியோக்கள். தாயில்பட்டி பக்கம் ஷூட். எடிட்டர் மதுரையில், கலரிஸ்ட் சென்னையில், சவுண்ட் கோவையில். மொத்தம் 20 மணி நேர 4கே ஃபுட்டேஜ். கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, ஆக மொத்தம் 900 ஜிபி.

அமேசானின் மும்பை சர்வரில் எஸ்3 ஸ்டாண்டர்டு வகையில் இதை வைக்க, பட்டியல் விலைப்படி ஜிபிக்கு மாதம் 2.5 சென்ட். அதாவது சுமார் 22 டாலர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால், வெளியே எடுக்க ஜிபிக்கு சுமார் 11 சென்ட். எடிட்டரும் கலரிஸ்டும் ஆளுக்கு ஒரு தடவை டவுன்லோடு செய்தால், இலவசமான முதல் 100 ஜிபியைக் கழித்தாலும் 185 டாலர். அதாவது சுமார் 16,700 ரூபாய், வரி தனி. வைப்பதற்கு ஆகும் மாதச் செலவைப் போல எட்டு மடங்கு!

இந்த 'எக்ரெஸ்' கட்டணம்தான் பலரும் பார்க்காத வரி. கிளவுட்ஃப்ளேர் ஆர்2-வில் எக்ரெஸ் கட்டணம் கிடையாது, சேமிப்பு விலையும் எஸ்3 ஸ்டாண்டர்டைவிடக் குறைவு. பேக்பிளேஸில் சேமித்த அளவைப் போல மூன்று மடங்கு வரை மாதா மாதம் இலவசமாக இறக்கலாம். வசாபியில் எக்ரெஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால், வழக்கமான பிளானில் ஒரு ஃபைலை 90 நாளுக்கு முன் அழித்தாலும் 90 நாளுக்கான காசு வாங்கிக்கொள்வார்கள். மூன்று வாரத்தில் முடியும் விளம்பர வேலைக்கு இது இடிக்கும். ஆறு மாதம் ஓடும் டாக்குமென்டரிக்குப் பிரச்சினையே இல்லை.

அதனால்தான் "எது சீப்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் ஃபைல் எத்தனை முறை நகரும், எத்தனை நாள் தங்கும் என்பதைப் பொறுத்தது அது.

அப்போ எதை எங்கே வைப்பது?

மூன்றாகப் பிரியுங்கள்.

1. வேலை நடக்கும் ஃபைல்கள்: கிளவுட்டில். ப்ராஜெக்ட் ஃபைல், ஆடியோ, கிராஃபிக்ஸ், ப்ராக்ஸி மட்டும். ப்ராக்ஸி என்பது ஒரிஜினலின் எடை குறைந்த நகல். அதில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் ஒரிஜினலோடு இணைத்து அவுட்புட் எடுக்கலாம். பிரீமியர், டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. 10 மெகாபிட் ப்ராக்ஸி போட்டால் அந்த 900 ஜிபி, 90 ஜிபியாகச் சுருங்கும். நொடிக்கு 40 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஒரிஜினலை ஏற்ற 50 மணி நேரம் ஆகும், ப்ராக்ஸிக்கு 5 மணி நேரம் போதும்.

பட்டாசு வீடியோவில் மட்டும் ஒரு சிக்கல். கம்ப்ரஷன் என்பது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் மாறாத பகுதியை வைத்து இடத்தை மிச்சம் பிடிக்கும் வேலை. புஸ்வாணப் பொறி ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும், புகையும் அப்படியே. 10 மெகாபிட்டில் படம் கட்டம் கட்டமாக உடையும். 20 மெகாபிட் வையுங்கள். அப்போதும் 180 ஜிபிதான்.

2. ஒரிஜினல் ஃபுட்டேஜ்: இரண்டு டிஸ்கில், இரண்டு ஊரில். ஒன்று ஷூட் செய்தவரிடம், இன்னொன்று ஃபைனல் எடுப்பவரிடம். சிவகாசியில் ராத்திரி பஸ்ஸில் ஏற்றும் பார்சல் காலையில் சென்னையில் இருக்கும். 900 ஜிபியை அதைவிட வேகமாக உங்கள் பிராட்பேண்ட் அனுப்பாது.

3. முடிந்த வேலை: ஆர்க்கைவில். ஃபைனல் மாஸ்டரும் ப்ராஜெக்ட் ஃபைலும் போதும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் அமெரிக்க சர்வரில் 1 டிபிக்கு மாதம் சுமார் 1 டாலர்தான். ஆனால் குறைந்தபட்சம் 180 நாள் கணக்கு, திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும், எடுக்கும்போது தனிக் கட்டணமும் உண்டு. அடிக்கடி தொட வேண்டியதை அங்கே வைக்காதீர்கள்.

நான்கைந்து எடிட்டர்கள் ஒரே நேரத்தில் ஒரே ஃபுட்டேஜைத் தொடும் பெரிய டீம் என்றால் கதை வேறு. முழு ஃபைலை இறக்காமலேயே ஸ்ட்ரீம் செய்து எடிட் பண்ண வைக்கும் லூசிட்லிங்க் போன்ற சேவைக்குக் கொடுக்கும் பணம், மிச்சமாகும் நேரத்தில் திரும்பி வரும். இரண்டு மூன்று பேர் டீமுக்கு அது தேவையில்லை.

கிளவுட்டில் போட்டால் பத்திரம்தானே?

2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்களின் டேட்டா போனது போனதுதான். 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீ. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவில் இருந்த 858 டிபி அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே நகல் வைக்கவே இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கதை உண்டு. 1998-ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி இன்றும் சொல்லப்படுவது இதற்காகத்தான்.

பில்லை யார் கட்டுவது?

"அந்த ஃபுட்டேஜை வச்சிருங்க ப்ரோ, அப்புறம் தேவைப்படும்." இந்த ஒரு வரியில் இருக்கிறது பிரச்சினை. அந்த "அப்புறம்" எத்தனை மாதம் என்று யாரும் சொல்வதில்லை. டீமிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் ஆள், எல்லோருடைய குடோனுக்கும் வாடகை கட்டுகிறார்.

சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர் அடிக்கக் கொடுத்தால் பேப்பர், பிளேட், பைண்டிங் என்று தனித்தனியாகக் கணக்கு வரும். யாரும் கோபப்படுவதில்லை. வீடியோ வேலையில் மட்டும் ஸ்டோரேஜ் ஏன் கண்ணுக்குத் தெரியாத செலவாக இருக்க வேண்டும்? தனியாகக் கேட்டால் கிளையன்ட் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மாதம் சில நூறு ரூபாய்க்காகப் போகிறவர் குறைவு. தன் ஃபுட்டேஜ் எங்கே இருக்கிறது, எப்போது அழியும் என்று எழுத்தில் தெரிவது அவருக்கும் பாதுகாப்புதான்.

அடுத்த கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள்: "டெலிவரிக்குப் பின் 60 நாள் வரை ஃபுட்டேஜ் சேமிப்பு இந்தத் தொகையில் அடங்கும். அதன் பிறகு மாதம் இவ்வளவு ரூபாய், அல்லது ஹார்டு டிஸ்கில் ஒப்படைத்துவிட்டு எங்கள் நகல் அழிக்கப்படும்." நாளும் தொகையும் உங்கள் வசதிப்படி மாறலாம். அந்த வரிக்கு கிளையன்ட் சம்மதம் சொன்ன பிறகு, எந்த கம்பெனி பிளான் என்று பார்க்கத் தொடங்குங்கள்.