பிரின்சிபால் மாறினால் பெற்றோருக்குச் சொல்வது யார்?

புதுடில்லி:

ஒரு பள்ளியின் பிரின்சிபாலுக்கு ஒப்பந்த காலம் முடிகிறது. நிர்வாகக் குழு கூடுகிறது. அவரை நீடிப்பதா, புதியவரைத் தேடுவதா என்று முடிவு எடுக்கிறது. முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறி விடுகிறது. ஆனால், அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு அது எப்படித் தெரிய வருகிறது?

பெரும்பாலும் பஸ் நிறுத்தத்தில் தெரிகிறது. இல்லாவிட்டால் கோயில் வாசலில். இப்போது கைப்பேசியிலும் வருகிறது. ஒருவர், "பணம் கையாடல்" என்பார். இன்னொருவர், "கோஷ்டிச் சண்டை" என்பார். உண்மையில் நடந்தது காலம் முடிந்த ஓர் ஒப்பந்தமாக மட்டுமே இருக்கலாம். நிர்வாகம் பேசாத இடத்தில் வதந்தி பேசுகிறது. அதனால் கெடுவது, போகிறவரின் பெயரும் இருக்கிற பள்ளியின் பெயரும்தான்.

வெளி மாநிலத் தமிழருக்கு இது சிறிய விஷயம் அல்ல. டில்லித் தமிழர்கள் 1923-ல் தொடங்கிய கல்வி முயற்சி இன்று ஏழு பள்ளிகளாக வளர்ந்திருக்கிறது. குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் பிள்ளைக்கு நாலு எழுத்துத் தமிழ் வரட்டும் என்றே இத்தகைய பள்ளிகளைத் தேடி வருகிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் பிரின்சிபால் நாற்காலி காலியானால், பாரங்களில் யார் கையெழுத்திடுவார் என்பதிலிருந்து தமிழாசிரியர் இடம் நிரப்பப்படுமா என்பது வரை எல்லாமே கேள்வியாகி விடும்.

சட்டம் சொல்வது என்ன?

டில்லியில் 1973-ம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் அமலில் இருக்கின்றன. அவற்றின்படி அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் குழு உண்டு. உதவி பெறும் பள்ளியில் 15 பேருக்கு மிகாமலும், உதவி பெறாத பள்ளியில் 21 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். பெற்றோர்-ஆசிரியர் சங்கம் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் ஒருவருக்கும், ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் இருவருக்கும் அதில் இடம் உண்டு. ஆக, பெற்றோருக்குக் குழுவில் ஒரு நாற்காலி போடப்பட்டே இருக்கிறது. அதில் அமர்பவர் யார் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது என்பதுதான் குறை.

காலம் முடிந்து ஒருவர் விடைபெறுவது வேறு, இடையில் அவரை அனுப்பி வைப்பது வேறு. ஊழியர் யாரையும் நீக்கவோ, பதவி இறக்கவோ கல்வி இயக்குநரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது இதே சட்டத்தின் 8(2) பிரிவு. உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த முன் அனுமதி பொருந்தாது என்று 1986-ல் ஃபிராங்க் அந்தோணி பள்ளி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. மற்றத் தனியார் பள்ளிகளுக்கு அது கட்டாயம் என்பதை, ஒரு பள்ளி டிரைவர் தொடுத்த வழக்கில் 2016-ல் உறுதி செய்தது. டிரைவருக்கு உள்ள பாதுகாப்பு பிரின்சிபாலுக்கும் உண்டு.

சமூகத்தின் உரிமை

"நாங்கள் சிறுபான்மை நிறுவனம். தலைமையைத் தேர்வது எங்கள் உரிமை" என்று சில நிர்வாகங்கள் சொல்வது உண்டு. அது சரியே. அரசியல் சட்டத்தின் 30-வது விதி மொழிச் சிறுபான்மையினருக்கும் அந்த உரிமையை வழங்குகிறது. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது அந்த உரிமையின் முக்கியப் பகுதி என்று 1998-ல் கேரளப் பள்ளி ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றுக் கொண்டது.

ஆனால், அந்த உரிமை யாருக்குத் தரப்பட்டது? மொழி பேசும் சமூகத்துக்கு. குழு உறுப்பினர்கள் அதன் சார்பில் அதைக் கையாள்பவர்கள். சமூகத்தின் பெயரால் முடிவெடுப்பவர்கள், அந்த முடிவைச் சமூகத்துக்குச் சொல்லக் கூச்சப்படுவதில் நியாயம் இல்லை.

அரசின் பணத்தில் பெரிதும் நடக்கும் அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2019-ல் ஒரு கல்லூரி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பு வந்தது. நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு. யாராவது மனுப் போட்ட பிறகு பதில் தேடுவதை விட, தானாகச் சொல்லி விடுவது நிர்வாகத்துக்கே கௌரவம்.

எதைச் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது?

இதற்காக எல்லாவற்றையும் பந்தி வைத்துப் பரிமாற வேண்டியதில்லை. ஊழியருக்குத் தரப்பட்ட மெமோ, தண்டனை போன்றவை அவரது சொந்தத் தகவல்கள், பொது நலன் இல்லாமல் வெளியிட வேண்டியவை அல்ல என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. விசாரணையில் இருக்கும் புகாரைப் பெற்றோர் கூட்டத்தில் அவிழ்ப்பது அநீதி. போகிறவருக்கும் குடும்பம் உண்டு, நாளை வேறு பள்ளியில் வேலை தேட வேண்டியவர் அவர்.

ஆனால் பெற்றோர் கேட்பது அவருடைய ரகசியக் கோப்பை அல்ல. ஒப்பந்தம் நீடிக்கப்பட்டதா, இல்லையா? எந்தத் தேதியிலிருந்து? அதுவரை பொறுப்பு யாருக்கு? புதியவரை எந்த முறையில், எப்போதைக்குள் தேர்ந்தெடுப்பார்கள்? சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்பது? இந்த ஐந்துக்கும் ஒரு பக்கக் கடிதத்தில் பதில் எழுதி விடலாம். ஒருவர் மீதும் சேறு படாது.

சொல்லும் வரிசையும் முக்கியம். முதலில் சம்பந்தப்பட்டவருக்கு நேரில். அடுத்து ஆசிரியர்களுக்கு. அதே நாளில் பெற்றோருக்கு. தன் நாற்காலி போன செய்தியைப் பியூன் வாயால் ஒரு பிரின்சிபால் கேட்க நேர்ந்தால், அது அந்தப் பள்ளிக்கே இழுக்கு.

கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஷிப்டு வேலைக்குப் போகும் தகப்பனும், வீட்டு வேலைக்குப் போகும் தாயும் படிக்கத் தமிழில் வேண்டும். தமிழரல்லாத பெற்றோருக்கு இந்தியில் வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு பிரதி, வாசல் பலகையில் ஒரு பிரதி, ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

ரயில் தாமதம் என்றால் நிலையத்தில் அறிவிக்கிறார்கள். அதனால் ரயில் சீக்கிரம் வந்து விடுவதில்லை. ஆனால் பயணி தன் காரியத்தைத் திட்டமிட்டுக் கொள்கிறான், நிலைய அதிகாரியோடு சண்டைக்குப் போவதில்லை. பள்ளி விஷயமும் அப்படியே. முடிவு பிடிக்காத பெற்றோர் இருக்கத்தான் செய்வார்கள். மறைத்தார்கள் என்ற கோபம் மட்டும் அவர்களுக்கு மிஞ்சக்கூடாது.

பெற்றோருக்கும் கடமை உண்டு. பெற்றோர்-ஆசிரியர் சங்கத் தேர்தல் நாளில் வராமல் இருந்து விட்டு, பிறகு வாசலில் நின்று முணுமுணுப்பதால் பயனில்லை. குழுவில் தங்கள் பிரதிநிதி யார் என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். அடுத்த கூட்டத்தின் தேதியையும் அவரிடமே கேட்கலாம்.