பின்பக்கத்து ‘டொக்’

பழைய எஸ்.யூ.வி. ஒன்று வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்றால், பல ஒர்க்‌ஷாப்களில் உடனே கிடைக்கும் தீர்ப்பு: ‘ரெண்டு ஷாக் அப்சார்பரையும் மாத்திடலாம்’. பழைய வண்டிக்கு ஏற்கெனவே செலவு இருக்கிறது. 15 ஆண்டு முடிந்த கார்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக வண்டியைத் தயார்செய்யும் குடும்பத்துக்கு அதுவே சுமை. அதன்மேல் வேண்டாத ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரையும் ஏற்றுவது அநியாயம்.

பின்பக்க அமைப்பு எந்த வகை என்பதை முதலில் பார்க்க வேண்டும். பொலேரோ, குவாலிஸ், பழைய சுமோ ஆகியவற்றில் லீஃப் ஸ்பிரிங். எடையைத் தாங்குவதும் ஆக்சிலை இடம் மாறாமல் பிடிப்பதும் அந்தப் பிளேட்டுகளே. 1998இல் வந்த சஃபாரியில் காயில் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கும். ஆக்சிலைப் பிடித்து நிறுத்த கீழே இரண்டு ஆர்ம், மேலே இரண்டு ஆர்ம், குறுக்கே ஒரு பான்ஹார்டு ராடு. ஐந்து தண்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரு முனை, ஆக 10 ரப்பர் புஷ்.

சோதனை சமதரையில் தொடங்கும். டயர்க் காற்றைச் சரிசெய்தபின் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம். ஷாக் அப்சார்பர் வண்டியின் உயரத்தைத் தாங்குவதில்லை. அடுத்து முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம். அது இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பிளேட்டுகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்ததற்கு இது நல்ல அடையாளம்.

ஷாக் அப்சார்பர்மேல் குற்றம் சொல்ல சாட்சி வேண்டும். உடலில் எண்ணெய் வழிவது, ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டி பலமுறை எழும்பி அடங்குவது, டயரில் இடைவிட்டுக் குழிகுழியாகத் தேய்மானம் ஆகியவை சாட்சிகள். லேசான எண்ணெய்ப் படலம் மட்டும் போதாது. கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் பிராக்கெட், சைலன்சர் ரப்பர் இரண்டும்கூட இதே சத்தத்தைத் தரும்; அவற்றைக் கையால் ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது புஷ். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும் ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சேசிஸ் பிராக்கெட்டோடு இறுகிவிடும். அது சுழலவே கூடாது. ஆர்ம் ஏறி இறங்கும் அசைவு முழுவதையும் ரப்பர் முறுகித்தான் ஏற்றுக்கொள்கிறது. விலை குறைந்த அந்தச் சிறு உருப்படி இத்தனை வேலை செய்கிறது. அதற்குரிய மரியாதை மட்டும் கிடைப்பதில்லை.

சோதிக்க இருவர் போதும். சக்கரங்கள் தரையில் நிற்க ஒருவர் பாடியைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். மற்றவர் புஷ்ஷும் பிராக்கெட்டும் சேரும் விளிம்பில் விரலை வைக்க வேண்டும். நல்ல புஷ் மெல்ல நெளிந்து திரும்பும். போன புஷ்ஷில் இரும்பு இரும்பைத் தட்டுவது விரல் நுனியில் தெரியும். போல்ட் தலையைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும். பான்ஹார்டு ராடு புஷ் போயிருந்தால் வளைவில் வண்டியின் பின்பகுதி தனியாக அலையும். கியரை ஃபர்ஸ்டிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது வரும் ‘டொக்’ ஆர்ம் புஷ்ஷிலிருந்தும் வரலாம், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டிலிருந்தும் வரலாம்; ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும்.

புதுப் புஷ்ஷைக் கெடுக்கும் வழிகளும் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கின்றன. சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிவளையம் நெளியும். பிரஸ்ஸில் ஏற்றுவதே முறை. வாட்டர் சர்வீஸுக்குப் பின் அடிப்பாகத்தில் பீய்ச்சும் டீசலும் பழைய ஆயிலும் இயற்கை ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்குவது. வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். நிற்கும்போதும் ஓய்வில்லாமல் சீக்கிரமே கிழிந்துவிடும். எனவே போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கியபின் நிறுவனக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும்.

பிராக்கெட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதுப் புஷ் நிலைக்காது. முதலில் துளையை வெல்டிங்கில் சரிசெய்ய வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட்டைக் கழற்றினால் புதியதே போட வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் அதன் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். அடியில் படுத்துச் செய்யும் எந்த வேலைக்கும் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு நிற்க வேண்டும்.