வாடும் பூவும் உலராத வண்ணமும்



மாதுங்காவின் கடைவாசல்களில் மல்லிகையை முழம் போட்டு விற்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். தாதர் இரயில் நிலையத்தை ஒட்டிய மொத்தப் பூச்சந்தையில், விடியும் முன்னரே சாமந்தியும் ரோஜாவும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. முலுண்டின் மேற்கு எல்லையிலோ சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைச்சரிவு தொடங்குகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புரசமரம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செந்நிறமாய்ப் பூக்கிறது. கோடை முற்றும்போது, மகாராஷ்டிரா தன் மாநில மலராகக் கொண்டிருக்கும் பூமருது ஊதா நிறக் கொத்துகளைத் தாங்கி நிற்கிறது. இவற்றுள் ஒன்றையாவது பத்து நிமிடம் நின்று பார்த்ததுண்டா? எட்டு மணி இரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அது எப்படி இயலும் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் நின்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட சிலரைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் குடும்பங்களில் படம் வரையும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பூவும் பறவையும் வரைந்து வைப்பார்கள். ஊரை விட்டு வந்து, ஓர் அறை வீட்டில் கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு அதைக் கண்டால் அச்சம் உண்டாகிறது. அவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள். இது வீண் வேலை அல்லவா? விசுவாசிகளாகிய நமக்கு இது தகுமா? விடை காணுமுன், ஓர் ஓவியர் ஒரு பூவை எண்ணெய் வண்ணத்தில் எவ்வாறு தீட்டுகிறார் என்பதை அறிந்துகொள்வோம்.

எண்ணெய் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் செய்வது. நம் சமையலறையில் உள்ள தேங்காய் எண்ணெயை ஒரு தட்டில் தடவி வைத்தால் எத்தனை நாள் ஆனாலும் அது காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மெல்ல மெல்ல இறுகி, உறுதியான படலமாக மாறுகிறது. இது தண்ணீர் ஆவியாகிக் காய்வதைப் போன்றதன்று. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாட்கள் ஆகும். உள்ளே முழுவதும் இறுகுவதற்கு மாதங்கள் செல்லும். இங்கேதான் பூவைத் தீட்டுகிறவருடைய சங்கடம் தொடங்குகிறது. செம்பருத்தி ஒரே நாளில் சுருங்கிவிடும். ரோஜா இரண்டு மூன்று நாட்களில் இதழ் உதிர்க்கும். வண்ணம் உலருமுன் பூ வாடிவிடுகிறது! நிதானமாகவே நடக்கக்கூடிய ஒரு வேலையை, நிற்காமல் ஓடுகிற ஒரு பொருளைக்கொண்டு அவர் செய்து முடிக்க வேண்டும்.

அவர் செய்வதைக் கவனியுங்கள். முதலாவது, துணியை ஆயத்தப்படுத்துகிறார். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் எண்ணெய் நேரே பட்டால், காலப்போக்கில் நூல் இற்றுப்போகும். ஆகையால் பழைய காலத்தில் முதலில் பசையையும் அதன்மேல் வெள்ளைப் பூச்சையும் பூசினர். இக்காலத்தில் கடையில் விற்கும் ஆயத்தப் பூச்சைப் பயன்படுத்துகின்றனர். பார்ப்பவர் எவரும் காணாத வேலை இது. ஆனால் இதில் குறை வைத்தால் மேலே தீட்டியதெல்லாம் வீணாகும்.

இரண்டாவது, பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறார். கற்றுக்குட்டி முதல் இதழின் ஓரத்திலிருந்து தொடங்குவான். தேர்ந்தவரோ கண்களைப் பாதி மூடிக்கொண்டு, எங்கே இருள், எங்கே ஒளி என்பதை மட்டும் பார்த்து, பூங்கொத்து முழுவதையும் சில பெரிய வடிவங்களாக மெல்லிய வண்ணத்தில் இடுகிறார். முதலில் வாடக்கூடிய பூவை முதலில் தீட்டுகிறார். இலையும் குடுவையும் காத்திருக்கும். இதழின் நரம்பு, பனித்துளி, ஒளிப்பொட்டு ஆகியவை கடைசியில்தான் வரும்.

மூன்றாவது, தான் அறிந்ததை அல்ல, கண்டதையே தீட்டுகிறார். மல்லிகை வெண்மை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிழலில் இருக்கும் மல்லிகை இதழை உற்றுப் பாருங்கள். அதில் சாம்பல் உண்டு, இலையின் பச்சை உண்டு, அருகிலுள்ள மஞ்சள் சுவரின் சாயலும் உண்டு. கலப்பற்ற வெள்ளை ஒன்றிரண்டு இடங்களில் மட்டுமே தேவைப்படும். எல்லா இடத்திலும் வெள்ளையைப் பூசுகிறவருடைய பூ, சுண்ணாம்புக் கட்டியைப் போலாகிவிடும்.

நான்காவது, அடுக்குகளின் ஒழுங்கைக் காக்கிறார். அடியில் எண்ணெய் குறைந்த அடுக்கு. மேலே செல்லச் செல்ல எண்ணெய் மிகுந்த அடுக்கு. அடியில் மெதுவாக உலரும் கொழுத்த வண்ணத்தை வைத்து, மேலே விரைவில் உலரும் வண்ணத்தை இட்டால், அடி அடுக்கு அசையும்போது இறுகிவிட்ட மேலடுக்கு வெடித்துவிடும். அன்று அழகாகத்தான் தோன்றும். வெடிப்போ பின்னாளில்தான் வெளிப்படும்.

இனி, பூ வாடுவதையும் வண்ணம் உலராததையும் எதிர்கொண்ட மூவரைப் பாருங்கள்.

ஹாலந்து தேசத்து யான் வான் ஹைசும் காத்திருந்தார். ஒரு மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஓவியத்தை முடிக்க முடியவில்லை என்று 1742-இல் அவர் ஒரு கடிதத்தில் தெரிவித்தார். பார்க்காத ஒரு பூவைக் கற்பனையால் இட்டு நிரப்ப அவருக்கு மனமில்லை. இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள அவருடைய பூக்குடுவை ஓவியத்தில் 1736, 1737 ஆகிய இரண்டு ஆண்டுகளும் குறிக்கப்பட்டுள்ளன. இளவேனிலின் பூவும் கோடையின் பூவும் ஒரே குடுவையில் இருக்கவேண்டுமானால், ஓவியர் ஆண்டு திரும்பி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் அல்லவா?

அதே தேசத்து ராகேல் ரைஸ்க் என்னும் அம்மையார் வேறொரு வழியில் நடந்தார். 1664-இல் பிறந்த இவர் ஒரு தாவரவியல் பேராசிரியரின் மகள்; பதினைந்து வயதிலேயே ஓர் ஓவியரிடம் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். மணமாகிப் பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். அடுப்பும் தொட்டிலும் தூரிகையை அவர் கையிலிருந்து பறித்துவிடவில்லை. டசல்டார்ஃப் நகரத்து அரசவையில் ஓவியராகவும் விளங்கினார். முதுமையில் தம் ஓவியங்களில் பெயருடன் வயதையும் எழுதினார். 1747-இல் தீட்டியவற்றில் வயது எண்பத்து மூன்று! கைக்குழந்தையோடு இருக்கும் சகோதரிகளே, உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

மூன்றாமவர் நம் தேசத்துக்கே வந்தார். மரியான் நார்த் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, தகப்பனார் மறைந்தபின், நாற்பதை ஒட்டிய வயதில் உலகப் பயணம் தொடங்கினார். 1877-இன் பிற்பகுதியில் தென்னிந்தியா வந்து, மதுரை, தஞ்சாவூர், நீலகிரி ஆகிய இடங்களைக் கண்டு, பம்பாய் வழியாக வடக்கே சென்றார். அவர் பூவைப் பறித்துக் குடுவையில் வைக்கவில்லை. அது வளரும் இடத்திற்கே சென்று, காகிதத்தின்மேல் எண்ணெய் வண்ணத்தால் விரைந்து தீட்டினார். 1841-இல் உலோகக் குழாயில் வண்ணம் அடைக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டிருந்ததால் காட்டிலும் மலையிலும் அது சாத்தியமாயிற்று. போர்னியோவில் அவர் தீட்டிய குடுவைத் தாவரம் ஒன்று அறிவியலுக்குப் புதியது என்று அந்தப் படத்தின் மூலமே தெரியவந்தது. இன்று அது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் 1882-இல் அவர் தம் செலவில் கட்டித் திறந்த கூடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட அவருடைய ஓவியங்கள் இன்றும் சுவரை மூடி நிற்கின்றன.

ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்தார். ஒருவர் வீட்டுக் கடமைகளின் நடுவே ஆயுள் முழுதும் தொடர்ந்தார். ஒருவர் கிடைத்த சில மணி நேரத்தில் விரைந்து முடித்தார். வேகம் வெவ்வேறு, ஆனால் பூவை உண்மையாய்ப் பார்ப்பதில் மூவரும் குறை வைக்கவில்லை.

ஓர் எச்சரிப்பும் உண்டு. வின்சென்ட் வான் கோ 1890-ஆம் ஆண்டு மே மாதம் தெற்கு பிரான்சின் சேன் ரெமியில் இளஞ்சிவப்பு ரோஜாக்களைத் தீட்டினார். இன்று அவை ஏறத்தாழ வெள்ளை ரோஜாக்களாகவே தோன்றுகின்றன. அவர் பயன்படுத்திய சிவப்பு, வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. வான் ஹைசுமின் இலைகள் சில நீலமாகத் தெரிவதும் இவ்வாறே. பச்சைக்காகக் கலந்த மஞ்சள் மறைந்து, நீலம் மட்டும் எஞ்சியது. பூசிய அன்று எல்லா நிறமும் பிரகாசமே. நிலைநிற்பது எது என்பதை வெளிச்சமும் காலமுமே காட்டுகின்றன. பிள்ளைக்கு வண்ணம் வாங்கும்போதும் இதை நினைவில் கொள்ளுங்கள். நல்ல குழாய்களில் வெளிச்சம் தாங்கும் தன்மை குறிக்கப்பட்டிருக்கும்.

இப்போது பெற்றோரின் கேள்விகளுக்கு வருவோம். இது தகுமா? கற்பனைகள் தடுப்பது விக்கிரகத்தை உண்டாக்கி வணங்குவதை. ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கிலோ வாதுமை மொக்குகளும் பூக்களும் இருந்தன. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் சுவர்களில் விரிந்த பூக்கள் செதுக்கப்பட்டிருந்தன. கூடார வேலைக்காகப் பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதாக யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். அந்த நிரப்புதல் அவனுடைய கைவேலைக்காகவே. கூந்தலில் பூச்சூடாத நம் சகோதரிகளும் பூவைப் பார்க்கலாகாது என்று எங்கும் எழுதப்படவில்லை. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கவலை நிறைந்த மக்களைக் காட்டுப்பூக்களைக் கவனிக்கும்படியாகத்தானே ஏவினார்!

இது வீண் வேலையா? எல்லாப் பிள்ளையும் ஓவியராகப் பிழைக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. படிப்பை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு பூவை இரண்டு மணி நேரம் உற்றுப் பார்த்த பிள்ளை, காணப்படாத அடிவேலையின் அருமையையும், அவசரத்தில் இட்ட அடுக்கு வெடிக்கும் என்பதையும், தெரியும் என்று நினைத்ததை மீண்டும் பார்க்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது. மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் இவை உதவாமற்போகுமா?

வழியும் தூரத்தில் இல்லை. மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் பள்ளி மாணவருக்கென எலிமென்டரி, இன்டர்மீடியட் ஆகிய ஓவியத் தேர்வுகளை நடத்துகிறது, வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள். 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளி, முலுண்டிலிருந்து ஒரே இரயிலில் சென்றடையும் சி.எஸ்.எம்.டி. நிலையத்தின் அருகிலேயே உள்ளது. காலா கோடாவில் 1952 முதல் இயங்கும் ஜஹாங்கீர் ஓவியக் கூடத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் தொடங்கும்போது பென்சிலும் காகிதமும் போதும். எண்ணெய் வண்ணத்துக்கு வரும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். டர்பன்டைன் ஆவி குழந்தைகளுக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். மழைக்காலத்தில் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். படத்தை ஈரச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

நாளை இரயில் நிலையம் செல்லும் வழியில் பூக்காரம்மாவின் கூடைக்கு முன் ஒரு நிமிடமாவது உங்கள் பிள்ளையோடு நில்லுங்கள். அந்த மல்லிகையில் எத்தனை நிறம் தெரிகிறது என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுமையோடு கேளுங்கள்.