ஒரு வீடு, இரண்டு கோப்பு

“நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பாரத்துல போடலாமா?”

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பதிகள் குடியுரிமை பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் கேட்பது இதுதான். முடியாது என்பதுதான் பதில். கணவன் மனைவி ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே நாளில் விண்ணப்பம் போடலாம். பாரமும் கட்டணமும் மட்டும் ஆளுக்கு ஒன்று. முடிவும் தனித்தனியாகத்தான் வரும். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு.

அதனால் மேசையில் இரண்டு கோப்புகளை வையுங்கள். மூன்றாவதாக ஒரு மெல்லிய கோப்பும் வேண்டும். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். நம் மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு உண்மையில் கனமானது அதுதான்.

இரண்டு வழிகள்

1981ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் திருமணமானவர்களுக்கு இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. இரண்டுக்கும் ‘ஏ.என்.’ என்ற ஒரே பாரம்தான்.

முதல் வழி 5 ஆண்டு வழி. ஐ.எல்.ஆர். என்று சொல்லப்படும் நிரந்தரத் தங்கல் அனுமதி கையில் வந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது 3 ஆண்டு வழி. விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் துணை பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால் மட்டுமே இது திறக்கும். இதற்கு அந்த 12 மாதக் காத்திருப்பு கிடையாது. அன்றைக்கு ஐ.எல்.ஆர். இருந்தாலே போதும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் ஈப்போக்காரர், மனைவி கிள்ளான். அவர் முதலில் போனார், இவர் இரண்டு வருடம் கழித்துப் போனார். “சேர்ந்தே போடுவோம்” என்று கணவர் காத்திருந்தால், மனைவிக்கு ஐ.எல்.ஆர். கிடைத்து, அதன் பிறகும் ஒரு வருடம் கழிய வேண்டும். கணவர் முன்னதாகவே குடியுரிமை பெற்றுவிட்டால், மனைவி ஐ.எல்.ஆர். கிடைத்த கையோடு 3 ஆண்டு வழியில் விண்ணப்பிக்கலாம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து மாதக்கணக்கில் தங்கிய மனைவிக்கும் இந்த இரண்டாவது வழி கைகொடுக்கலாம். 5 ஆண்டுக் கணக்கில் இடிக்கும் விடுமுறைகள், கடைசி 3 ஆண்டை மட்டும் பார்க்கும்போது கணக்கிலேயே வராமல் போகும். ஆகவே பாரத்தைத் திறப்பதற்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம், சேர்ந்து போடுவதா, ஒருவர் பின் ஒருவராகப் போடுவதா என்பதுதான்.

நாள் கணக்கு

5 ஆண்டு வழியில், அந்த 5 ஆண்டுகளில் நாட்டுக்கு வெளியே இருந்தது 450 நாளைத் தாண்டக் கூடாது. 3 ஆண்டு வழியில் 270 நாள். இரண்டிலும் கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் சேர்க்க வேண்டாம். தீபாவளிக்காக அக்டோபர் 10ஆம் தேதி விமானம் ஏறி 31ஆம் தேதி போய் இறங்கினால், கணக்கில் வருவது 20 நாள்தான்.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. காலக் கணக்கு தொடங்கும் நாளில், அதாவது விண்ணப்பத்துக்கு 5 அல்லது 3 ஆண்டுகளுக்கு முன்பு, நீங்கள் பிரிட்டன் மண்ணில் இருந்திருக்க வேண்டும். அந்த வாரம் ஊரில் அக்கா கல்யாணத்தில் இருந்தீர்கள் என்றால், விண்ணப்பத்தைச் சில நாள் தள்ளிப் போடுங்கள். மற்றபடி நாள் கணக்கு கொஞ்சம் கூடியிருந்தால் தளர்த்தும் அதிகாரம் அதிகாரிக்கு உண்டு. ஆனால் அதை நம்பி விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

இந்தக் கணக்கைக் கடப்பிதழ் முத்திரையை வைத்துப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க. சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2019 மே மாதத்திலிருந்து பிரிட்டனின் தானியங்கிக் கதவுகளில் நுழைகிறார்கள், அங்கே முத்திரை விழாது. ஊர் திரும்பும்போது நாமும் தானியங்கிக் கதவில்தான் நுழைகிறோம். ஆகவே பழைய மின்னஞ்சல்களில் விமானச் சீட்டுகளைத் தேடி எடுத்து, ஆளுக்கொரு பட்டியல் போடுங்கள். கணவரின் பட்டியலை அப்படியே மனைவிக்கு நகல் எடுக்காதீர்கள். அவர் மட்டும் அலுவலக வேலையாக இரண்டு நாள் பாரிஸ் போயிருப்பார். இவர் மட்டும் அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு ஊருக்கு வந்திருப்பார்.

கோப்புக்குள் என்ன?

ஒவ்வொரு கோப்பிலும் இவை இருக்கட்டும்:

நடப்புக் கடப்பிதழும், அந்தக் காலத்தில் பயன்படுத்திய பழைய கடப்பிதழ்களும். ஐ.எல்.ஆர். சான்று. கையில் வைத்திருந்த குடிநுழைவு அட்டைகள் 2024 முடிவோடு காலாவதியாகி, இப்போது எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் மின் விசா. அந்தக் கணக்கில் உள்ள கடப்பிதழ் எண் புதியதுதானா என்று பாருங்கள்.

‘லைஃப் இன் தி யூகே’ தேர்வில் தேறிய சான்று. 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஐ.எல்.ஆருக்காக ஏற்கெனவே எழுதித் தேறியிருந்தால் அதுவே செல்லும், அதற்குக் காலாவதி இல்லை.

ஆங்கிலத் தகுதிச் சான்று. “நாங்க சிங்கப்பூர்ல ஆங்கிலத்துலதானே படிச்சோம்?” என்று கேட்கலாம். பிரிட்டன் ஏற்கும் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூரும் இல்லை, மலேசியாவும் இல்லை. பிரிட்டனில் பெற்ற பட்டம் இருந்தால் அது போதும். இங்கே பெற்ற பட்டம் என்றால், அது ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது என்பதற்கும் அதன் தரத்துக்கும் எக்டிஸ் அமைப்பின் உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். ஐ.எல்.ஆருக்கே இதை நிரூபித்திருந்தால் மறுபடி வேண்டாம்.

குடியிருந்ததற்கும் வேலை செய்ததற்கும் சான்று. ஆண்டுதோறும் முதலாளி தரும் பி60 வரிச் சான்று, முதலாளியின் கடிதம், கவுன்சில் வரி ரசீது போன்றவை. வேலைக்குப் போகாத மனைவியின் கோப்பு இந்த இடத்தில்தான் மெலிந்து போகிறது. வாடகை ஒப்பந்தம், மின் கட்டணம், வங்கிக் கணக்கு எல்லாமே கணவர் பெயரில் இருந்தால் அவர் எதைக் காட்டுவார்? விண்ணப்பத்துக்கு இன்னும் ஓரிரு ஆண்டு இருக்கிறது என்றால், இன்றைக்கே சில ரசீதுகளில் இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

3 ஆண்டு வழியில் போகிறவருக்கு மட்டும் திருமணச் சான்றிதழும் துணையின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சான்றும் கூடுதலாக வேண்டும். இங்கே கேட்பது கோயில் ரசீதை அல்ல, பதிவுச் சான்றிதழை. அது மலாயில் மட்டும் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

பெயரும் பெற்றோரும்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசியக் கடப்பிதழில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’. சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’. பிரிட்டிஷ் பாரமோ குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறது. ஒரு மனைவியின் சம்பளச் சீட்டில் அப்பா பெயர், வங்கியில் கணவர் பெயர், தேர்வுச் சான்றில் முழுப்பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், அதிகாரிக்கு அது மூன்று ஆளாகத் தெரியும். கடப்பிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை முன்கூட்டியே ஒரே மாதிரி மாற்றுங்கள். மாற்ற முடியாத பழைய தாள்களுக்கு விளக்கக் குறிப்பு ஒன்று எழுதி இணையுங்கள்.

பாரத்தில் பெற்றோரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் கேட்பார்கள். தோட்டத்தில் பிறந்த அப்பாவின் பிறந்த நாள் அடையாள அட்டையில் ஒன்றாகவும் பாட்டி வாய்மொழியில் வேறொன்றாகவும் இருக்கும். பத்திரத்தில் உள்ளதையே எழுதுங்கள். ஊருக்கு ஒரு போன் போட்டு அந்தப் பத்திரத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெற்றோர் இருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

பரிந்துரைப்பவர்கள் இருவர் வேண்டும். இருவருக்கும் உங்களை 3 ஆண்டாவது நேரில் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஆசிரியர், கணக்காளர் போன்ற தொழில்முறைத் தகுதி உள்ளவர், அவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். மற்றவர் பிரிட்டிஷ் கடப்பிதழ் வைத்திருப்பவர், தொழில்முறைத் தகுதி உள்ளவராகவோ 25 வயதைத் தாண்டியவராகவோ இருக்க வேண்டும். உறவினர் கூடாது. ஆகவே கணவருக்கு மனைவியும் மனைவிக்கு அண்ணனும் கையெழுத்துப் போட முடியாது. அந்த இருவருமே ஒருவருக்கொருவர் உறவாக இருக்கவும் கூடாது.

நன்னடத்தைப் பகுதியில் வரி பாக்கி, நீதிமன்றத் தீர்ப்பு, போக்குவரத்துக் குற்றம் எல்லாம் கேட்கப்படும். கேட்டதை மறைக்காதீர்கள். சின்ன விஷயம் மன்னிக்கப்படலாம். மறைத்தது தெரிந்தால் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் மாற்றத்தின்போது ஒருவருக்கு 1,605 பவுண்டாகவும், குடியுரிமைச் சடங்குக்கு 130 பவுண்டாகவும் இருந்தது. இருவருக்கும் சேர்த்து அப்போது 3,470 பவுண்ட் ஆனது. இது அடிக்கடி ஏறும் கட்டணம் என்பதால் சமர்ப்பிக்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் சடங்குக்கான பணம் மட்டுமே திரும்பும். இப்போது தெரிகிறதா, நாள் கணக்கை ஏன் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும் என்று?

மூன்றாவது கோப்பு

இதுவரை சொன்னதெல்லாம் பிரிட்டன் கேட்பது. மூன்றாவது கோப்பு நம் நாடு கேட்பது.

மலேசியாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இன்னொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவரின் குடியுரிமையைப் பறிக்க மலேசிய அரசமைப்பின் 24ஆவது விதி அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. சிங்கப்பூர் அரசமைப்பிலும் அதே போன்ற விதி இருக்கிறது. “ரெண்டையும் சத்தமில்லாம வச்சுக்கலாம், யாருக்குத் தெரியும்?” என்று சொல்லும் நண்பர் எல்லாருக்கும் ஒருவர் இருப்பார். கடப்பிதழ் புதுப்பிக்கும் கவுண்டரில் நிற்கப்போவது அவர் இல்லை, நீங்கள்.

நீங்கள் பிரிட்டிஷ் குடிமகன் ஆவது அங்கீகாரக் கடிதம் வரும் நாளில் அல்ல. சடங்கில் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும் நாளில்தான். அழைப்பு வந்த 3 மாதத்துக்குள் அதில் கலந்துகொள்ள வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கட்டும்: ஊழியர் சேமநிதிப் பணத்தை என்ன செய்வது? குடியுரிமையைத் துறந்தவர்கள் அதை மீட்பதற்குத் தனி வழி இருக்கிறது. அப்பா பெயரில் இருக்கும் நிலம்? குடிமகன் அல்லாதவர் மலேசியாவில் நிலம் வாங்க மாநில அரசின் அனுமதி வேண்டும். சிங்கப்பூரர் என்றால் வீவக வீடும் மத்திய சேமநிதியும் என்ன ஆகும்? மகன் என்றால் தேசிய சேவைக் கடமை முடிந்ததா? அது முடியாமல் துறப்பது எளிதல்ல.

வரிசையும் முக்கியம். பிரிட்டிஷ் சான்றிதழ் கையில் வரும் முன்னே நம் குடியுரிமையைத் துறக்காதீர்கள். பினாங்கு, மலாக்கா தொடர்பால் ‘பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன்’ என்ற தகுதி சில மலேசியர்களுக்கு இருக்கிறது. அதில் பிரிட்டனில் குடியேறும் உரிமை கிடையாது. 2002 ஜூலை 4க்குப் பிறகு வேறு குடியுரிமையைத் துறந்தவர்கள் அந்தத் தகுதியைக் காட்டி முழுக் குடியுரிமைக்குப் பதிய முடியாது என்று சட்டமும் மாறியது. இதை அறியாமல் மலேசியக் குடியுரிமையை முதலில் விட்டவர்கள், அதுவும் இல்லாமல் இதுவும் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள்.

இருவரும் கட்டாயம் மாற வேண்டும் என்றும் இல்லை. ஒருவர் பிரிட்டிஷ் ஆகி, மற்றவர் ஐ.எல்.ஆரோடு நம் கடப்பிதழை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஊரில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் நீண்ட நாள் வந்து தங்க வேண்டியிருக்கும் என்றால் இது நல்ல ஏற்பாடு. பிரிட்டிஷ் கடப்பிதழில் வருகிறவர் மலேசியாவில் சுற்றுப்பயணியாக 90 நாள்தான் இருக்கலாம். அதே சமயம் ஐ.எல்.ஆரும் சாசுவதம் அல்ல. தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அது போய்விடும். எந்தப் பக்கம் எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பதுதான் முக்கியம்.

நம் தாத்தா பாட்டிமார்களில் எத்தனையோ பேர் ஒரு நீல அடையாள அட்டைக்காக இலாகா படிக்கட்டுகளில் வருடக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். சிவப்பு அட்டையோடே கண்மூடியவர்களும் உண்டு. அந்த அட்டையை இன்று பேரனும் பேத்தியும் தாங்களே விரும்பித் திருப்பிக் கொடுக்கலாம். அது துரோகம் இல்லை. குழந்தையின் பள்ளிக்கூடம், கட்டிய வீடு, பார்க்கும் வேலை எல்லாம் அங்கே இருக்கும்போது அது நியாயமான முடிவாகவே இருக்கலாம். ஆனால் பாரத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகு அவசரத்தில் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது.

ஆகவே இந்த வார இறுதியில் முதல் இரண்டு கோப்புகளை ஓரமாக வையுங்கள். தேநீர் போட்டுக்கொண்டு இருவரும் மூன்றாவது கோப்பை முதலில் திறந்து பேசுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவையும் காணொலியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். மற்ற தாள்களைச் சேர்க்க நாள் இருக்கிறது.