கடைசி மூன்று அவுட்டுக்கு என்ன விலை?

பேஸ்பால் அணிகள் பணத்தை வாரி இறைப்பது புதிதல்ல. எதற்கு இறைக்கின்றன என்பதுதான் வேடிக்கை. 2025 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி எட்வின் டியாசை 3 ஆண்டுக்கு 69 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து எடுத்திருக்கிறது. அவர் ஓர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் எறிவார். மூன்று பேரை அவுட்டாக்கினால் வேலை முடிந்தது. அதுவும் எல்லா நாளும் அல்ல.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். கடைசி ஓவரில் எதிரணிக்கு 10 ஓட்டம் வேண்டும் என்றால் பந்தை யார் கையில் கொடுப்பது? பேஸ்பாலில் அந்த வேலைக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கி ஐந்தாறு இன்னிங்ஸ் எறிபவர் ஸ்டார்ட்டர். அவர் களைத்ததும் அடுத்தடுத்து வருபவர்கள் ரிலீவர்கள். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர் குளோசர். இவர்கள் கையைச் சூடேற்றிக்கொண்டு காத்திருக்கும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர். பேச்சுவழக்கில் அந்தக் கூட்டத்துக்கே அதுதான் பெயர்.

டாட்ஜர்ஸ் 2024, 2025 என இரண்டு ஆண்டு தொடர்ந்து உலகத் தொடரை வென்ற அணி. வென்ற அணிக்கு ஏன் புதுக் குளோசர்? அதற்கு முன் வாங்கிய சரக்கைப் பாருங்கள். 2025 ஜனவரியில் டேனர் ஸ்காட்டுக்கு 4 ஆண்டுக்கு 72 மில்லியன். கெர்பி யேட்சுக்கு ஓர் ஆண்டுக்கு 13 மில்லியன். ஏற்கெனவே அணியில் இருந்த பிளேக் டிரைனனைத் தக்கவைக்க 2 ஆண்டுக்கு 22 மில்லியன். மூவரும் 2024-இல் அபாரமாக எறிந்தவர்கள்.

எறிபவரை அளக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 9 இன்னிங்சுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்பது. 2-க்குக் கீழ் இருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள், 5-ஐத் தாண்டினால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். ஸ்காட் 2024-இல் 1.75, 2025-இல் 4.74. யேட்ஸ் 1.17-இலிருந்து 5.23-க்குப் போனார். டிரைனன் 1.93-இலிருந்து 5.40. முன்னிலையைக் காக்க வந்து ஸ்காட் 10 முறை கோட்டைவிட்டார். அக்டோபர் ஆட்டங்களில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. இடையில் ஓர் அறுவைச் சிகிச்சையும் சேர்ந்துகொண்டது.

மூன்று பேரும் ஒரே ஆண்டில் திறமையை மறந்துவிட்டார்களா? அப்படி இல்லை. ரிலீவர் ஓர் ஆண்டு முழுவதும் எறிவதே ஏறக்குறைய 60 இன்னிங்ஸ்தான். அதில் 20 ஓட்டம் கொடுத்தால் சராசரி 3.00, மிக நல்ல கணக்கு. அதோடு மூன்றே மூன்று மோசமான இரவுகள், ஒவ்வொன்றிலும் 4 ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 4.80 ஆகிவிடும். நான் அதனால் ரிலீவர்களின் ஓர் ஆண்டுச் சராசரியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், எத்தனை பேரை இனாமாக முதல் பேசுக்கு நடக்கவிட்டார், எத்தனை ஹோம் ரன் கொடுத்தார் என்று பார்ப்பேன். ஸ்காட் 2024-இல் கொடுத்த ஹோம் ரன் 3, 2025-இல் 11. விந்தை என்னவென்றால், நடக்கவிட்டது குறைந்திருந்தது. பந்தை நேரே நடுவில் போட்டு அடி வாங்கியிருக்கிறார். இது திருத்தக்கூடிய கோளாறு என்பது என் எண்ணம். இன்னும் 3 ஆண்டுச் சம்பளம் பாக்கி இருக்கும்போது வேறு எப்படித்தான் எண்ணுவது!

சரி, டியாஸ்? 2018-இல் 1.96. அடுத்த ஆண்டு 5.59. பிறகு 1.75, 3.45, 1.31. 2023-இல் ஓர் ஆட்டம்கூட இல்லை: அந்த ஆண்டு மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் புவர்ட்டோ ரிக்கோ வென்றதைக் கொண்டாடித் துள்ளியபோது முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. திரும்பி வந்த 2024-இல் 3.52, 2025-இல் 1.63. ஏறி இறங்கும் இந்த வரிசையைப் பார்த்தும் வாங்கியிருக்கிறார்கள் என்றால் காரணம் உண்டு. 2025-இல் 66 இன்னிங்சில் 98 பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருக்கிறார். முதல் ஆண்டுக்கு நல்ல கொள்முதல். மூன்றாவது ஆண்டில் வயது 34. அதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

விலை கொடுக்காமல் கிடைத்தவர்களின் கதை வேறு. 2021 ஆகஸ்டில் டாம்பா பே அணி கழித்துவிட்ட இவான் பிலிப்சை டாட்ஜர்ஸ் ஏறக்குறைய இனாமாக எடுத்தது. அடுத்த ஆண்டே அவருடைய சராசரி 1.14. ஜாக் டிரையரைப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் 30 அணிகளில் ஒன்றுகூடக் கூப்பிடவில்லை. 2025-இல் முதன்முறையாகப் பெரிய லீக்கில் எறிந்த அவர் 76 இன்னிங்சில் 2.95. ஸ்காட்டைவிட அதிக வேலை, சம்பளமோ லீக்கின் குறைந்தபட்சமான 760,000 டாலரை ஒட்டியது.

அணிப் பட்டியலின் எதிர்காலம் இந்த மலிவான கைகளில்தான் இருக்கிறது. அதில் 'ஆப்ஷன்' என்ற ஒரு விதி புகுந்து விளையாடுகிறது. ஆட்டத்துக்குத் தயாராக வைத்திருக்கும் 26 பேரில் எறிபவர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. 40 பேர் கொண்ட பெரிய பட்டியலில் உள்ள இளையவரை, பொதுவாக மூன்று பருவங்கள் வரை, அணி தன் விருப்பப்படி சிறிய லீக்குக்கு அனுப்பலாம். ஒரே பருவத்தில் ஐந்து முறை வரை அனுப்பிக் கூப்பிடலாம். ஆப்ஷன் தீர்ந்தவரை அப்படி அனுப்ப முடியாது. முதலில் மற்ற 29 அணிகளுக்கும் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும்.

விளைவு என்ன? நேற்று இரண்டு இன்னிங்ஸ் சுத்தமாக எறிந்த இளைஞர் இன்று ஓக்லஹோமா சிட்டிக்கு விமானம் ஏறுவார். அவர் களைத்திருக்கிறார், புதுக் கை வேண்டும், அனுப்பக்கூடியவர் அவர் ஒருவர்தான். மோசமாக எறிந்த மில்லியன் டாலர்காரர் அங்கேயே இருப்பார். போனவரின் சம்பளமும் அன்றே இறங்கிவிடும். ஒப்பந்த வேலையில் இருக்கும் நம் இளையர்களுக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

வில் கிளைன் அப்படி ஏறி இறங்கியவர். கேன்சஸ் சிட்டி, ஓக்லண்ட், சியாட்டல் என்று கைமாறி 2025-இல் டாட்ஜர்சுக்கு வந்தார். அக்டோபரின் முதல் மூன்று சுற்றுப் பட்டியல்களிலும் அவர் பெயர் இல்லை. தீபாவளி முடிந்த மறுவாரம், நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கிய உலகத் தொடரின் 3வது ஆட்டம் பிற்பகல் 3 மணியை நெருங்கித்தான் முடிந்தது. 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். (அன்று எத்தனை அலுவலகங்களில் வேலை கெட்டதோ!) புல்பென்னில் எல்லாரும் தீர்ந்த பிறகு மிஞ்சியவர் 25 வயது கிளைன். 4 இன்னிங்ஸ், 72 எறி, ஓர் ஓட்டமும் இல்லை. கடைசியில் ஃபிரெடி ஃபிரீமன் ஹோம் ரன் அடித்து 6-5 என்று முடித்தார். ஸ்காட்டின் 72 மில்லியனும் கிளைனின் 72 எறியும் தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

7வது ஆட்டத்தில் டொரொண்டோவை 5-4 என்று வென்றபோது டாட்ஜர்சுக்காக எறிந்தவர்கள் ஆறு பேர். விலை கொடுத்த அந்த மூன்று ரிலீவர்களில் ஒருவரும் இல்லை. கடைசி எட்டு அவுட்டுகளை எடுத்தவர் யோஷினோபு யமமோட்டோ. அவர் ஸ்டார்ட்டர், முந்தின இரவுதான் 96 எறி எறிந்தவர். குளோசர் வேலையை அந்த மாதம் பெரும்பாலும் பார்த்தவரும் இன்னொரு ஸ்டார்ட்டரான ரோக்கி சசாக்கிதான். ஓர் அக்டோபருக்கு இப்படிச் சமாளிக்கலாம். 162 ஆட்டத்துக்கு முடியாது, கை என்னாவது? டியாசை வாங்கியதன் உண்மைக் காரணம் இதுவே. சசாக்கியை மீண்டும் ஸ்டார்ட்டராக்கவும் இது வழிவிடுகிறது.

பிலிப்சுக்கு 2025 ஜூனில் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. நவம்பரில் அணி அவருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுக்காமல் விட்டுவிட்டது. டியாஸ், ஸ்காட், டிரைனன், அலெக்ஸ் வெசியா, டிரையர் என்று புல்பென்னில் 2025 டிசம்பரிலேயே ஐந்து இடம் நிரம்பிவிட்டது. மார்ச் இறுதியில் பருவம் தொடங்கும்போது எஞ்சிய இரண்டு மூன்று இடத்துக்கு யார் வருகிறார்கள், கிளைன் அதில் இருக்கிறாரா, ஓக்லஹோமாவில் இருக்கிறாரா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.