கடைசிக் குழாய்க்கும் தண்ணீர் வரவேண்டும்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே இருக்கிறது நம் கனகம்மாசத்திரம். சத்திரம் என்றால் வழிப்போக்கருக்குச் சோறும் தண்ணீரும் தந்த இடம். ஆனால் அந்தக் காலத்துச் சத்திரக் கிணறுகளில் எல்லா வழிப்போக்கரும் வாளி இறக்கிவிட முடிந்ததில்லை. யார் முதலில் குடிப்பது, யார் காத்திருப்பது, யார் கிணற்றை நெருங்கவே கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. இன்று கிணற்றின் இடத்துக்குக் குழாய் வந்துவிட்டது. அந்த வரிசை மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சென்னைக் குடிநீர் வாரியம் தன் கட்டமைப்பைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் காலம் இது. அதை நாம் குறை கூறவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த நிலை திரும்பக் கூடாது என்று ஒரு மாநகரம் நினைப்பது நியாயமே. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நெம்மேலியில் 2013-ல் ஒன்றும், 2024-ல் 15 கோடி லிட்டர் திறனில் இன்னொன்றும் வந்தன. பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மறுசுத்திகரிப்பு செய்து தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். சுத்திகரிப்பு நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்து, நகரைச் சுற்றி ஒரு வளையக் குழாய் அமைக்கவும் திட்டமிட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் தண்ணீர் நின்றாலும் வேறு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துவிடும். நல்ல ஏற்பாடு.

ஆனால் சென்னையின் தண்ணீர்க் கதை சென்னையில் தொடங்குவதில்லை. அது நம் மாவட்டத்தில் தொடங்குகிறது. 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. சுமார் 3.2 டி.எம்.சி. கொள்ளும் அந்த ஏரிக்கு வரும் நீரில் ஒரு பங்கு, நம் திருத்தணிப் பக்கத்து நகரி ஆறும் நந்தி ஆறும் சுமந்துவருவது. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரம் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் தரவேண்டும். 1996-ல் முதல் தண்ணீர் வந்தது. முழு அளவு வந்த ஆண்டு அரிது. கண்டலேறில் திறக்கும் நீர் 150 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையைத் தொட்டுப் பூண்டிக்கு வருகிறது. 2020-ல் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து அரை டி.எம்.சி. கொள்ளளவில் இன்னொரு நீர்த்தேக்கமும் இதே மாவட்டத்தில்தான் திறக்கப்பட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆரணி, கொசஸ்தலைப் படுகையின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது.

இந்தக் கிணற்று வியாபாரத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். கிணறு வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று தெரிந்ததும் நிலம் தரிசானது. நாற்று நடவும், களை எடுக்கவும், அறுக்கவும் போன பெண்களுக்கு வேலை போனது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியபோது முதலில் வறண்டது ஆழம் குறைந்த கைப்பம்பு. அது இருந்தது காலனியில். மீஞ்சூர்ப் பக்கத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சியதில், கடல்நீர் நிலத்துக்கு அடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. பணம் நிலமுள்ளவருக்கு, நட்டம் நிலமற்றவருக்கு என்று முடிந்த கணக்கு அது.

நிலமற்றவர் ஏன் நிலமற்றவரானார் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். பழைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-ல் தந்த அறிக்கைக்குப் பிறகுதான் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறகு கைமாறிப்போனது. நிலம் போனபோது அதிலிருந்த கிணறும், கிணறு வெட்டும் உரிமையும் சேர்ந்தே போயின. தண்ணீர் விற்கும் இடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள், தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்களானார்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் தேர்வாய் கிராமம், தன் மேய்ச்சல் நிலத்தையும் நீர்வரத்துப் பகுதியையும் தொழிற்பேட்டைக்கு இழந்து ஆண்டுக்கணக்கில் போராடியதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி நம் ஊர்க் குழாய்க்கு வருவோம்.

பெரும்பாலான ஊராட்சிகளில் குடிநீர் வரும் விதம் இதுதான்: ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார், ஊருக்குள் ஒரு மேல்நிலைத் தொட்டி. அங்கிருந்து ஒரு பெரிய குழாய் புறப்பட்டுத் தெருத்தெருவாகக் கிளை பிரிந்து, போகப் போகச் சிறுத்து, கடைசியில் காலனிக்குப் போய் முடிகிறது. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடியில் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. வழியில் உள்ள ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு வால்வும், ஒவ்வொரு வீட்டு இணைப்பும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். நடுவில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் மிச்சமும் போய்விடும். கடைசிக் குழாயில் காற்றுதான் வரும். இதைக் கேட்டால், "மேடான இடம், என்ன செய்வது" என்பார்கள். காலனி பள்ளத்தில் இருந்தாலும் இதே பதில்தான் வரும்.

முடிவில் அடைபட்ட குழாயில் இன்னொரு கேடும் உண்டு. தண்ணீர் ஓடாமல் தேங்கும். தொட்டியில் போட்ட குளோரின் அங்கு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். குழாயில் பிடிக்கும்போது ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பது குடிநீர்த் தர விதி. தொட்டிக்குக் கீழே சோதித்துப் பதிவேட்டில் எழுதினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். காலனியின் கடைசி வீட்டில் சோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு முதலில் வருவது அங்கேதான்.

சென்னைக்கு வளையக் குழாய் எதற்காக? ஒரு முனை அடைபட்டால் மறுமுனையிலிருந்து தண்ணீர் வருவதற்காக. அந்தப் பொறியியல் அறிவு மாநகரத்துக்கு மட்டும் சொந்தமா? காலனிக் குழாயின் முனையை அடைத்து மூடாமல், அடுத்த தெருக் குழாயோடு இணைத்துவிட்டால் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வரும், தேங்காது. அல்லது காலனியிலேயே தனி மேல்நிலைத் தொட்டியும் தனி மோட்டாரும் வைக்கலாம். ஆனால் இந்த இரண்டாவது வழியில் எச்சரிக்கை தேவை. "உங்களுக்குத் தனித் தொட்டி, எங்களுக்குத் தனித் தொட்டி" என்று அது தீண்டாமைக்குச் சிமென்ட் பூசுவதாக ஆகிவிடக் கூடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்ததை நாடே பார்த்தது. தொட்டி எத்தனை கட்டினாலும் பாதுகாப்பும் சம மதிப்பும் இல்லாவிட்டால் அது வெறும் சிமென்ட்தான்.

அளவிலும் வித்தியாசம் இருக்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. மாநகரத்துக்கு வைத்திருக்கும் அளவு 135 முதல் 150 லிட்டர். நகரத்தில் பாதாளச் சாக்கடைக்கும் சேர்த்துத் தண்ணீர் வேண்டும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த 55 லிட்டராவது கடைசி வீட்டுக்கு வருகிறதா என்று அளந்தது யார்? சென்னையில் குழாய்க்குள் சென்சார் வைத்து, கணினித் திரையில் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். நம் காலனிக் குழாயின் தொடக்கத்தில் ஒரு சாதாரண மீட்டர் வைக்கப் பெரிய செலவு ஆகாது. அது இருந்தால் "தண்ணீர் விட்டோம்" என்பவரும் "வரவில்லை" என்பவரும் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

நவீனமயம் என்று சொல்லும்போது தண்ணீர் உள்ளே வரும் குழாயை மட்டும் பேசுகிறோம். வெளியே போகும் குழாயில் இறங்குவது யார்? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்த்தப்பட்டதே மரணங்கள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. கடல்நீரைக் குடிநீராக்கும் அறிவுள்ள நாட்டில், அடைப்பெடுக்க ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது. இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. அதை ஓட்டும் வேலையும், ஒப்பந்தமும், நிரந்தரச் சம்பளமும் இதுவரை குழியில் இறங்கிய குடும்பங்களுக்கே முதலில் போகவேண்டும். இல்லையென்றால் குழி போகும். கூடவே அவர்களின் வேலையும் போகும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

ஒன்று, மாநகரத்துக்கு நம் மாவட்டத்திலிருந்து தண்ணீர் போகும் திட்டங்கள் ஒவ்வொன்றிலும், அந்த வழியிலுள்ள ஊர்களின் கடைசிக் குடியிருப்புக்கும் குடிநீர் உறுதி செய்யும் ஒரு பங்கு இருக்கவேண்டும். இரண்டு, காலனிக் குழாய்களை மறுமுனையில் இணைக்கவும் மீட்டர் வைக்கவும் தனி ஒதுக்கீடு வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத் திட்ட நிதியை அந்த மக்களுக்கே செலவிடுவதற்கென்று தமிழக அரசு 2024-ல் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டம் இங்கே வேலை செய்யட்டும். மூன்று, வறட்சிக் காலத்தில் விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் வாங்கினால், வேலையிழக்கும் கூலித் தொழிலாளருக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். நான்கு, சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்குவது முழுமையாக நிற்கவேண்டும்.

இவற்றை யாராவது மேலிருந்து தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும்; கால்பங்கு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட நலிந்த பிரிவினருக்கு என்பது ஜல் ஜீவன் வழிகாட்டு விதி. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, குரலும் இருக்கவேண்டும். 2020 சுதந்திர தினத்தன்று நம் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். கொடிக் கயிற்றையே தராதவர்கள் வால்வுச் சாவியை எளிதில் தருவார்களா? கேட்டுத்தான் பெறவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியும் பயிற்சியும் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு வாரம், ஒரு நோட்டில், தொட்டியடிக் குழாயிலும் காலனியின் கடைசிக் குழாயிலும் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆனது, குளோரின் எவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அந்த நோட்டை அங்கே வாசியுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கவிடாமல் தடுப்பதும், தலித் மக்கள் பயன்படுத்தும் நீரை அசுத்தம் செய்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அது நகராட்சி சட்டப்படி எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்த குளம்தான். காகிதத்தில் திறந்திருந்த குளத்தை உண்மையில் திறக்க ஆயிரக்கணக்கானோர் நடந்துபோக வேண்டியிருந்தது. இன்று நம் காலனிகளிலும் குழாய் இருப்பதாகக் காகிதம் சொல்கிறது. தொட்டியடியில் ஒரு குடம் நிறைய ஆகும் நேரத்தில் கடைசி வீட்டிலும் ஒரு குடம் நிறையும் நாளில்தான் அந்தக் காகிதம் உண்மையாகும்.