தனி வரும்போது நாற்காலி காலியாகலாமா?

கச்சேரியில் பிரதான உருப்படி முடிகிறது. பாடகர் மிருதங்க வித்வானைப் பார்த்துத் தலையசைக்கிறார். தனி ஆவர்த்தனம் தொடங்குகிறது. அந்தக் கணமே அரங்கில் நாற்காலிகள் மடங்கும் ஓசை கேட்கிறது. ஒரு கூட்டம் காண்டீனுக்கு. இன்னொரு கூட்டம் ரயில் நிலையத்துக்கு. மும்பைத் தமிழர்களின் சபைகளில் பல்லாண்டுகளாக நடக்கும் காட்சி இது. சென்னையிலும் இதே கதைதான் என்று சமாதானம் சொல்லலாம். சமாதானம் நியாயம் ஆகிவிடாது.

எழுந்து போகிறவர்கள் 'சக்தி' இசைக்குழுவின் கதையை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் அக்குழு வாசித்தது. ஆங்கிலேயரான ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். பாட்டுக்காரர் யாரும் இல்லை, எல்லாம் வாத்தியம். அன்று மேடையில் நேரடியாகப் பதிவு செய்ததே அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வெளிவந்தது.

மெக்லாலின் சாமானியர் அல்லர். மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தவர். 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவில் மின்சார கிதாரை முழங்கிப் புகழ் பெற்றவர். அப்படிப்பட்டவர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். கமகம் பேச வேண்டும் என்பதற்காகத் தம் கிதாரின் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தெடுக்கச் செய்தார். கூடவே அதிர்வதற்கு ஏழு தந்திகளைக் குறுக்கே கட்டச் செய்தார்.

இரண்டு இசையும் கலந்தால் கலப்படம்தானே என்று கேட்போர் உண்டு. அஸ்திவாரம் இல்லாமல் கலந்தால் கலப்படமேதான். மின்சார டிரம்மின் இரைச்சலில் சுருதியையும் தாளத்தையும் மறைத்துவிட்டு 'ஃப்யூஷன்' என்று பெயர் சூட்டும் குழுக்கள் இன்று ஏராளம். ஆனால் சக்தியில் இருந்தவர்கள் அவரவர் வித்தையை அடிமுதல் கற்றவர்கள். அதனால்தான் கலப்பு நின்றது.

இரண்டுக்கும் பொதுவான அடிப்படையும் உண்டு. ஜாஸ் குழுவினர் முதலில் ஒரு மெட்டை எல்லோருமாக வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த நேரத்துக் கற்பனையில் விரிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை எடுத்து, சுரம் பாடி, தனி விட்டு, மீண்டும் பல்லவிக்கு வந்து சேரும் கர்நாடக முறைக்கு இது அந்நியமா? ஒரே வேறுபாடு: அங்கே ஒவ்வொருவரின் முறையும் முடிந்ததும் கைதட்டல் எழும், இங்கே நாற்காலி காலியாகும்.

கர்நாடக மேடையில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்க வித்வான் மனம் வைத்தால்தான் அதற்கு இடம். சக்தியிலோ அதே கடம் கிதாருக்கும் தபலாவுக்கும் சமமாகப் பேசியது. தனி ஆவர்த்தனம் என்று ஒதுக்கிய அதே லய வித்தையைத்தான் அங்கே உலகம் காது கொடுத்துக் கேட்டது.

மும்பைக்கும் அந்தப் பேறு கிட்டியது. 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டும் கூடிய குழு 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நகரில் வாசித்தது. யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா எல்லாம் அந்த நேரடிப் பதிவில் இருக்கின்றன. 2024-ல் சக்திக்குக் கிராமி விருது கிடைத்தபோதும் செல்வகணேஷ் குழுவில் இருந்தார். ஆனால் ஸ்ரீநிவாஸ் 2014-ல் மறைந்தார். மாஹிமில் பிறந்த ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்தார். பதிவுகள் இருக்கின்றன, எதிரே அமர்ந்து கேட்கும் பாக்கியம் இனி இல்லை. அந்தந்த நேரத்தில் பிறக்கும் இசையை அந்தந்த நேரத்தில் கேட்டால்தான் உண்டு.

மும்பையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளை மிருதங்க வகுப்புக்கு அனுப்புகின்றன. அதே பெற்றோர் தனி தொடங்கியதும் எழுந்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

சபைகளுக்கும் கடமை உண்டு. அழைப்பிதழில் கடம், கஞ்சிரா வித்வான்களின் பெயர்களையும் பாடகர் பெயரின் அளவிலேயே அச்சிடட்டும். சன்மானத்தையும் உயர்த்தட்டும். தனி நடக்கும்போது காண்டீனை மூடட்டும். ஆண்டுக்கு ஒரு மாலையாவது இத்தகைய வாத்தியக் குழுக்களுக்கு மேடை தந்து, சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் டிக்கெட் வைக்கட்டும்.

ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பது வழக்கமான சாக்கு. நள்ளிரவு தாண்டியும் லோக்கல் ஓடும் ஊர் இது. ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி வரும். தனி ஆவர்த்தனம் அப்படி வராது.